கச்சை கட்டும் கலை

ஒரு செயலில் உறுதியோடு இறங்கி நிற்பவனைப் பார்த்து, "கச்சை கட்டிக்கொண்டு நிற்கிறான்" என்று நாம் சொல்லுகிறோம். வேலையில் மும்முரமாக ஈடுபடுபவனை, "வரிந்து கட்டிக்கொண்டு வந்துவிட்டான்" என்கிறோம். இவ்விரு வழக்குகளும் மல்லரும் வீரரும் களத்தில் இறங்குமுன் தம் இடையை இறுக்கிக் கட்டிக்கொண்ட வழக்கத்திலிருந்து பிறந்தவை. மன உறுதியைக் குறிக்க இடையில் கட்டிய துணியை நம் முன்னோர் எடுத்துக்கொண்டனர். அந்தத் துணியைப் பற்றியும், அதைக் கட்டும் முறைகளைப் பற்றியும் இன்று சில வார்த்தைகள் பேச விரும்புகிறேன்.

இந்த எண்ணம் எனக்கு உண்டான இடம் பல்லேகல. கண்டி மாநகருக்குக் கிழக்கே, மகாவலி கங்கை வளைந்து செல்லும் தும்பறைப் பிரதேசத்தில் உள்ளது அவ்வூர். இன்று பலரும் அதனை அங்குள்ள கிரிக்கெட் மைதானத்தால் அறிவர். அவ்வூரில் என் அயல் வீட்டுச் சிறுவன் ஒருவன் யூடோ பயின்று வருகிறான். வயது பதினொன்று. சில மாதங்களுக்கு முன் அவன் கலந்துகொண்ட போட்டியைப் பார்க்க அவன் தாயாரோடு நானும் சென்றிருந்தேன். ஆட்டம் தொடங்கிச் சிறிது நேரத்தில் அவனுடைய கச்சை அவிழ்ந்தது. நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார், பையன் கட்டிக்கொண்டான். மறுபடியும் அவிழ்ந்தது. மூன்றாம் முறையும் அவிழ்ந்தபோது அரங்கில் சிலர் சிரித்தனர். அதன்பின் அவன் கைகளில் உறுதியில்லை. கண்களில் நீர் தளும்பியது. எதிராளி அவனை எளிதில் வீழ்த்தினான்.

வீடு திரும்பும் வழியில், "இனி நான் போகமாட்டேன்" என்றான் பையன். அவனைத் தோற்கடித்தது எதிராளியின் பலமன்று. தன் இடையில் தானே இட்ட ஒரு முடிச்சு. ஆதலின், அந்த முடிச்சை ஆராய்வது வீண் வேலையாகாது.

யூடோ, கராத்தே போன்ற கலைகளில் கச்சையின் முதற்கடமை மேற்சட்டையை மூடி வைப்பது. யூடோவில் ஒருவர் மற்றவரின் சட்டையைப் பற்றியே எறிகின்றனர். கச்சை தளர்ந்தால் சட்டை விரியும், பிடியும் நழுவும். ஆகவே சர்வதேச யூடோ விதிகள் கச்சையின் அகலம் 4 முதல் 5 சென்ரிமீற்றர் இருக்கவேண்டும் என்றும், முடிச்சுக்குப் பின் இரு முனைகளும் 20 முதல் 30 சென்ரிமீற்றர் வரை தொங்கவேண்டும் என்றும் வகுத்துள்ளன. கராத்தேப் போட்டிகளிலோ ஒருவர் சிவப்புக் கச்சையும் மற்றவர் நீலக் கச்சையும் அணிகின்றனர். அவற்றைக் கொண்டே நடுவர்கள் இருவரையும் வேறுபடுத்தி அறிகின்றனர்.

இனி, கட்டும் முறைக்கு வருவோம். வீட்டில் கச்சையோ நீண்ட துண்டோ இருப்பின், நேயர்கள் கையில் எடுத்துக்கொண்டே கேட்கலாம். கச்சையை இரண்டாக மடித்து அதன் நடுப்பகுதியைக் கண்டுகொள்ளுங்கள். அந்த நடுப்பகுதியைக் கொப்பூழுக்குச் சற்றுக் கீழே வையுங்கள். இரு முனைகளையும் முதுகுப்புறம் கொண்டுசென்று, அங்கே கை மாற்றி, மீண்டும் முன்புறம் கொண்டுவாருங்கள். இப்போது இடையில் இரண்டு சுற்றுகள் உள்ளன. முன்புறத்தில் ஒரு முனையை மற்றதன் மேலாகப் போட்டு, இரண்டு சுற்றுகளுக்கும் அடியில் கீழிருந்து மேலாக நுழைத்து இழுங்கள். இரண்டு சுற்றுகளையும் சேர்த்துப் பிடிப்பதே இதன் பயன். ஒரு சுற்றை மட்டும் பிடித்தால் மற்றது நழுவிக் கீழே இறங்கிவிடும். இதற்குமேல் ஒரு முடிச்சு இட்டுவிட்டால் வேலை முடிந்தது.

அந்தக் கடைசி முடிச்சில்தான் சூட்சுமம் இருக்கிறது. அது இருவகையாக அமையலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் ஒன்று நிற்கும், மற்றது நழுவும். நிற்கும் முடிச்சுக்கு விதி எளியது: முதல் தடவை எந்த முனை மேலாகச் சென்றதோ, இரண்டாம் தடவையும் அதே முனைதான் மேலாகச் செல்லவேண்டும். மற்ற முனை மேலாகச் சென்றுவிட்டால் கோணல் முடிச்சு ஆகிவிடும். சரியா தவறா என்று அறிவதற்கு ஒரு சோதனையும் உண்டு. இறுக்கியபின் முனைகள் இடமும் வலமுமாகப் படிந்து நின்றால் சரியான முடிச்சு. ஒன்று மேல் நோக்கியும் மற்றது கீழ் நோக்கியும் முறுக்கிக்கொண்டு நின்றால் கோணல் முடிச்சு. அது சில நிமிட ஆட்டத்தில் தளர்ந்துவிடும்.

சாரணச் சிறுவர்கள் முதன்முதலாகக் கற்கும் முடிச்சும், மருத்துவமனைகளில் கட்டுத்துணியைக் கட்டும் முடிச்சும் இந்தச் சரியான முடிச்சேயாகும். தட்டையாகப் படிவதால் உடலை உறுத்தாது. அவிழ்க்க வேண்டியபோது எளிதில் அவிழும். ஆனால் ஓர் எச்சரிக்கை: இரு கயிறுகளை இணைத்து மனிதர் ஏறவோ தொங்கவோ இம்முடிச்சு ஏற்றதன்று. உடலோடு ஒட்டி அழுந்தி நிற்கும்போதுதான் அது தன் கடமையைச் செய்யும்.

மேலே சொன்ன முறையில் முதுகுப்புறத்தில் கச்சை குறுக்காகப் பின்னிக்கொண்டு நிற்கும். அதை விரும்பாதவர் வேறு முறையைக் கையாள்வர். ஒரு முனையை வேண்டிய நீளத்துக்கு முன்னே விட்டுவிட்டு, மறுமுனையை மட்டும் இடையைச் சுற்றி இரண்டு முறை கொண்டுவருவது அம்முறை. அப்போது முதுகில் இரு சுற்றுகளும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சீராகப் படியும். கொரிய நாட்டுத் தைக்வொண்டோவின் ஒரு பிரிவினர் கச்சையை ஒரே சுற்றாகக் கட்டி, ஒரே குறிக்கோள் என்று அதற்குப் பொருளும் சொல்லுவர். தரையில் புரண்டு பொருதும் பிரேசில் நாட்டு ஜியுஜிட்சுவில் கச்சை அடிக்கடி தளரும். எனவே அவர்களுள் சிலர் முனையை இரண்டு சுற்றுகளுக்கும் நடுவே செலுத்தி, சுற்றுகளின் அழுத்தமே அதைப் பற்றிக்கொள்ளுமாறு செய்வர். சீனக் கலைகளில் அகன்ற துணிக் கச்சையைப் பக்கவாட்டில் முடிந்து தொங்கவிடுவதைக் காணலாம். ஜப்பானிய வாட்பயிற்சியாளரோ கச்சையைப் பல சுற்றாகச் சுற்றி முதுகில் முடிவர். வாளுறை அச்சுற்றுகளின் இடையே செருகப்பட்டு நிற்கும்.

இவற்றிலெல்லாம் ஒருவர் தாமே கட்டிக்கொள்ள முடியும். பிறர் துணையின்றிக் கட்ட முடியாத கச்சைகளும் உள. ஜப்பானியச் சுமோ மல்லர் இடையில் சுற்றும் துணி ஏறத்தாழ 9 மீற்றர் நீளமுள்ளது. ஒருவர் பிடிக்க, மற்றவர் திரும்பித் திரும்பித் தம்மைச் சுற்றிக்கொள்வார். அது களத்தில் அவிழ்ந்து வீழ்ந்தால் மல்லர் தோற்றவராவார். 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் அவ்வாறே ஒருவர் தோற்றதுண்டு. கேரளத்துக் களரிப் பயிற்றிலும் நீண்ட கச்சையை இறுகச் சுற்றிக் கட்டும் முறை உண்டு. அது இடுப்பையும் முதுகையும் தாங்கி நிற்கும். நம் சிலம்ப வீரர்களோ வேட்டியைத் தார்பாய்ச்சி உடுத்து, அதன்மேல் துண்டை வரிந்து கட்டிக் களம் புகுவர்.

கண்டி நாட்டுக்கும் இத்தகைய மரபு புதியதன்று. கண்டிக்கு அண்மையில், பதினான்காம் நூற்றாண்டில் எழுந்த எம்பெக்கே தேவாலயத்தின் மரத் தூண்களில், பிணைந்து பொருதும் மல்லர் இருவரின் உருவம் செதுக்கப்பட்டுள்ளது. சிங்கள மக்களின் போர்க்கலையாகிய அங்கம்பொறை கண்டி மன்னர் காலத்தில் போற்றப்பட்டது. 1815இல் கண்டி அரசு ஆங்கிலேயர் வசமாயிற்று. 1818ஆம் ஆண்டின் கிளர்ச்சி அடக்கப்பட்டபின் அக்கலை தடைக்குள்ளாயிற்று என்றும், சில குடும்பங்கள் மறைவில் அதைக் காத்தன என்றும் மரபு கூறும். இன்றும் ஆடி மாதத்தையொட்டி நிகழும் கண்டிப் பெரஹராவில் தலைமை நிலமேயின் உடையைப் பாருங்கள். பல யார் நீளமான துணியை இடையில் அடுக்கடுக்காகச் சுற்றி, அதன்மேல் அகன்ற கச்சை ஒன்றைப் பூட்டியிருப்பார். வீரனாயினும் பிரதானியாயினும், இடையைக் கட்டியபின்னரே மக்கள் முன் வருவது இந்நாட்டு வழக்கம்.

கச்சையின் நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். பல பெற்றோரின் பணமும் பிள்ளைகளின் கண்ணீரும் அதில் கலந்திருக்கின்றன. வெள்ளைக் கச்சை பல ஆண்டுப் பயிற்சியின் அழுக்கேறிக் கறுப்பாக மாறியது என்றொரு கதை உலவுகிறது. அது வெறும் கதைதான். யூடோவை நிறுவிய கானோ ஜிகோரோ 1882இல் தம் பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார். மறு ஆண்டில் மாணவர் இருவருக்கு முதற்படி அளித்தார். தேர்ந்தவர் கறுப்புக் கச்சை அணியும் வழக்கம் 1886ஆம் ஆண்டளவில் அங்கு தோன்றியது. மஞ்சள், பச்சை, நீலம் முதலான நிறங்கள் அதற்கு வெகுகாலத்துக்குப் பின், 1920களிலும் 1930களிலும், ஐரோப்பாவில் பரவின. நெடுங்காலம் காத்திருக்கப் பொறுமையில்லாத மாணவருக்குச் சிறு சிறு படிகள் ஊக்கம் தரும் என்பதே நோக்கம். ஆகவே நிறம் என்பது வழியில் நட்ட மைல்கல் போன்றது. அது பயணத்தின் முடிவன்று. கடையில் எந்த நிறக் கச்சையும் விலைக்குக் கிடைக்கும். அதைக் கட்டத் தெரிந்த கைகள் மட்டும் கிடைப்பதில்லை.

பல்லேகலச் சிறுவனின் கதைக்குத் திரும்புவோம். அவன் கச்சை ஏன் அவிழ்ந்தது? பிள்ளை வளர்ந்தாலும் உதவட்டும் என்று தாயார் நீளமான புதுக் கச்சையாக வாங்கியிருந்தார். புதுத் துணி விறைப்பாக இருக்கும். எளிதில் பிடி கொள்ளாது. நீளம் மிகுந்ததால் பையன் அதை மூன்று சுற்றாகச் சுற்றி, சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் புடைத்து நின்றன. அன்றுவரை தாயாரே கட்டிவிட்டு வந்தமையால், களத்தின் நடுவில் தானே கட்ட நேர்ந்தபோது அவன் இட்டது கோணல் முடிச்சு.

இதைக் கண்டு சொன்னவர் பயிற்சியாளர் அல்லர், அச்சிறுவனின் அம்மாயி. அவர் நாற்பது ஆண்டுகள் மலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். கொழுந்து பறிக்கும் பெண்கள், தேயிலைச் செடியின் ஈரமும் கிளைகளின் கீறலும் படாதிருக்க, இடையில் படங்கைச் சுற்றிக் கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொள்வார்கள். விடியலில் கட்டியது மழையில் நனைந்தும், சரிவில் ஏறி இறங்கியும், மாலைவரை நழுவாது நிற்கவேண்டும். வேலை முடிந்ததும் விறைத்த விரல்களால் எளிதில் அவிழவும் வேண்டும்.

மூதாட்டி பேரனை முற்றத்தில் நிறுத்தி, "மொதல்ல மேல போனதுதான் மறுபடியும் மேல போகணும், ராசா. அப்பத்தான் கழண்டு போகாது" என்றார். ஒருமுறை கட்டிக் காட்டிவிட்டு அவிழ்த்துவிட்டார். பின் அவனையே கட்டச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு கட்டச் சொன்னார். ஓடி வந்து மூச்சு வாங்கும்போதும் கட்டச் சொன்னார். உலகமெங்கும் யூடோ ஆசிரியர் சொல்லிக்கொடுக்கும் அதே முடிச்சை அவர் எந்தக் கூடத்திலும் கற்றதில்லை. தேயிலை மலையில் கற்றார்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை இத்தகைய கலை எதையேனும் பயில்வானாயின், அவன் உயரத்துக்கேற்ற கச்சையையே வாங்கிக் கொடுங்கள். புதுக் கச்சையை முதலில் பலமுறை மடித்து விரித்துப் பதப்படுத்துங்கள். கச்சையைக் கழுத்தில் சுற்றி விளையாட ஒருபோதும் இடங்கொடாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வாசலில் நின்று நீங்களே கட்டிவிடும் வழக்கத்தை ஒரு நாள் நிறுத்துங்கள். களத்தில் அது அவிழும் வேளையில் நீங்கள் அருகில் இருக்கப்போவதில்லை.

அச்சிறுவன் இப்போது மீண்டும் பயிற்சிக்குச் செல்கிறான். அவன் இன்னும் எந்தப் போட்டியிலும் வெல்லவில்லை. ஆனால் அவன் இடையில் முனைகள் இடமும் வலமுமாகப் படிந்து நிற்கின்றன. நடுவர் அவனுக்காக ஆட்டத்தை நிறுத்த நேர்வதில்லை.