ஆலையில் மிஞ்சும் குலை யாருக்குச் சொந்தம்?

வாங்குவது, உற்பத்தி செய்வது, விற்பது, மிஞ்சியதை வீசுவது. வணிகத்தை இப்படி ஒரு நேர்கோடாகப் பார்த்தே பலரும் பழகிவிட்டார்கள். அந்தக் கோட்டை வளைத்து, வீசப்படும் பொருளை மீண்டும் உற்பத்திக்குள் கொண்டுவந்து சேர்ப்பதைத்தான் சுழற்சிப் பொருளாதாரம் என்கிறார்கள். நீலத் தொட்டியில் தாளையும் பழுப்புத் தொட்டியில் கண்ணாடியையும் போடுவதோடு முடிந்துவிடும் காரியம் அல்ல இது. ஒரு தொழிலின் கொள்முதல், போக்குவரத்து, விலை, ஒப்பந்தம் ஆகிய நான்கையும் இது தொடுகிறது.

இதைப் புரிந்துகொள்ள வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. மலேசியாவின் செம்பனைத் தொழிலே போதும். 1917-இல் சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில் வணிக முறையில் தொடங்கிய இத்தொழிலில், இந்திய வம்சாவளியினரின் உழைப்பும் பெரும்பங்கு வகித்திருக்கிறது.

100 டன் குலையில் என்ன கிடைக்கிறது?

ஓர் ஆலைக்குள் 100 டன் பழக்குலை போனால், சுமார் 20 டன் எண்ணெயும் 5 டன் அளவுக்குப் பருப்பும் கிடைக்கும். மற்றவை? பழம் உதிர்ந்த வெற்றுக் குலை 20 டன்னுக்கும் மேல், நார் ஏறக்குறைய 13 டன், கொட்டை ஓடு 5 அல்லது 6 டன். இவற்றோடு, நீராவியும் தண்ணீரும் சேர்வதால் 60 டன்னுக்கும் மேற்பட்ட கழிவுநீரும் வெளியாகிறது. ஆக, ஆலை விற்கும் பொருளைவிட மிஞ்சும் பொருளே பல மடங்கு அதிகம்.

நாரையும் ஓட்டையும் ஆலைகள் நெடுங்காலமாகவே கொதிகலனில் எரித்து, தமக்கு வேண்டிய நீராவியையும் மின்சாரத்தையும் எடுத்துக்கொள்கின்றன. எரிபொருள் செலவு மிச்சமானதால் இந்தச் சுழற்சி தானாகவே நடந்தது. கழிவுநீரின் கதை வேறு.

சட்டம் வளைத்த கோடு

பதப்படுத்தாத கழிவுநீர் ஆற்றில் கலந்தால், அதிலுள்ள கரிமப் பொருள்கள் மக்கும்போது நீரிலுள்ள பிராணவாயுவை உறிஞ்சிவிடும். மீன்கள் மூச்சுத் திணறிச் செத்து மிதக்கும். இந்தக் கெடுதியை அளக்கும் அளவுகோலில், ஆலைக் கழிவுநீர் லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் வரை காட்டும். 1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் 1977-இல் செம்பனை ஆலைகளுக்கென்றே விதிமுறைகள் வந்தன. 1978-இல் 5,000 என்றிருந்த வரம்பு, படிப்படியாக இறுக்கப்பட்டு 1984-இல் 100 ஆனது. ஆலைகள் குளம் வெட்டிக் கழிவுநீரைத் தேக்கிச் சுத்திகரிக்கத் தொடங்கின.

ஆறுகள் மீதான சுமை குறைந்தது. ஆனால் பிரச்சினை வானத்துக்கு ஏறியது. அந்தக் குளங்களிலிருந்து கிளம்பும் மீத்தேன் வாயு, நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 28 மடங்கு வெப்பத்தைக் கூட்டக்கூடியது. குளத்தை மூடி அதே வாயுவைப் பிடித்தால் மின்சாரம் எடுக்கலாம். 2011-ஆம் ஆண்டுப் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டம், இத்தகைய மின்சாரத்தை நிலையான விலையில் விற்க வழி செய்தது. 2014 முதல், புதிய ஆலைகளும் உற்பத்தியைப் பெருக்க விரும்பும் ஆலைகளும் வாயுவைப் பிடிக்கும் வசதியை அமைக்க வேண்டும் என மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் நிபந்தனை விதித்தது. ஆயினும், உட்புறத்தில் அமைந்த ஆலைகளுக்கு மின்கம்பி இழுக்கும் செலவே பெரும் தடையாக இருக்கிறது.

இதிலிருந்து ஓர் உண்மை தெரிகிறது. நல்லெண்ணம் மட்டும் கழிவைச் சுழல வைப்பதில்லை. சட்டம் தள்ள வேண்டும், அல்லது விலை இழுக்க வேண்டும்.

போகும்போது பாரம், திரும்பும்போது காலி

இனி வெற்றுக் குலைக்கு வருவோம். செம்பனை மரம் மண்ணிலிருந்து மிகுதியாக எடுக்கும் சத்துகளில் ஒன்று பொட்டாசியம். அதில் கணிசமான பகுதி வெற்றுக் குலையில்தான் தங்குகிறது. குலையை மரத்தடியில் பரப்பினால் சத்து மண்ணுக்கே திரும்பும், ஈரம் காக்கும், உரச் செலவு குறையும். பொட்டாசிய உரத்தை மலேசியா வெளிநாடுகளிலிருந்தே வாங்குகிறது. 2022-இல் ரஷ்ய-உக்ரேன் போரால் உர விலை எகிறியபோது, தோட்டக்காரர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

சொந்த ஆலை வைத்திருக்கும் பெருந்தோட்டங்கள் குலையைத் தம் நிலத்துக்கே கொண்டுபோகின்றன. ஐந்து பத்து ஏக்கர் வைத்திருக்கும் சிறுதோட்டக்காரரின் நிலை என்ன? அவருடைய பழம் பெரும்பாலும் இடைத்தரகரின் சேகரிப்பு நிலையம் வழியாக ஆலைக்குப் போகிறது. அவருக்குக் கிடைக்கும் விலை எண்ணெய், பருப்பு இவற்றின் மதிப்பை வைத்தே கணக்கிடப்படுகிறது. வெற்றுக் குலைக்கும் ஓட்டுக்கும் அந்தக் கணக்கில் இடமில்லை. லோரி பாரத்தோடு போகிறது, காலியாகத் திரும்புகிறது. அவருடைய மண்ணின் சத்து இன்னொருவர் நிலத்தில் போய் இறங்க, அவரோ கடைக்குப் போய் உர மூட்டை வாங்குகிறார்.

ஆலையின் கணக்கில் வட்டம் முழுமையாகத்தான் தெரியும். சிறுதோட்டக்காரருக்கோ அது பழைய நேர்கோடுதான்.

போட்டி இன்னும் கூடியிருக்கிறது. 2011 புகுஷிமா அணு உலை விபத்துக்குப் பின், 2012-இல் ஜப்பான் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கு நல்ல விலை அறிவித்தது. மலேசிய, இந்தோனேசியக் கொட்டை ஓடுகள் கப்பலேறின. ஒரு காலத்தில் சாலைக் குழிகளை நிரப்பப் பயன்பட்ட பொருள் இன்று ஏற்றுமதிச் சரக்கு. கழிவுக்கு விலை வந்ததும் அது யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது.

என்ன செய்யலாம்?

நடைமுறைச் சிக்கல்களை மறுப்பதற்கில்லை. வெற்றுக் குலையின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நீர்தான். தூரம் கூடினால் லோரி வாடகை உரத்தின் மதிப்பையே விழுங்கிவிடும். குவியலாகப் போட்டால் காண்டாமிருக வண்டு பெருகும் என்பதால், ஒரே அடுக்காகப் பரப்ப ஆள் வேண்டும். ஆலையிலேயே கழிவுநீரைத் தெளித்து மக்கவைத்து எருவாக்கினால், பாரமும் குறையும், வண்டுத் தொல்லையும் குறையும்.

பேரம் பேசுவதற்குத் தனி ஆளால் முடியாது. ஆனால், 2020 முதல் கட்டாயமாக்கப்பட்ட மலேசிய நிலைத்தன்மைச் சான்றிதழுக்காகச் சிறுதோட்டக்காரர்கள் பல இடங்களில் ஏற்கெனவே குழுக்களாகச் சேர்ந்திருக்கிறார்கள். அதே குழு ஆலையோடு பேசலாம். இத்தனை டன் பழத்துக்கு இத்தனை டன் எரு, அதே லோரியின் திரும்பும் பயணத்தில் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிக்கொள்ளலாம். ஆலைக்கும் இதில் நட்டமில்லை. சத்துள்ள மரம்தான் நல்ல பழத்தைத் தொடர்ந்து அனுப்பும்.

மற்றத் தொழில்களுக்கும் இது பொருந்தும். அச்சகமோ உணவகமோ தளவாடக் கடையோ, மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். நம்மிடம் மிஞ்சுவதன் அளவும் தரமும் அதை வாங்குபவருக்கு உறுதியாகத் தெரியுமா? சரக்கு இறக்கிய வண்டி வெறுமனே திரும்புகிறதா? மிஞ்சிய பொருளுக்குக் கிடைக்கும் பணத்தில், மூலப்பொருள் கொடுத்தவருக்கும் பங்கு உண்டா?

முதல் இரண்டு கேள்விகளுக்குப் பொறியாளரும் கணக்காளரும் பதில் சொல்லிவிடுவார்கள். மூன்றாவதற்கு முதலாளிதான் பதில் சொல்ல வேண்டும்.