கடல் கடந்த உம்மாவின் குரல்



அரபு மொழியில் தொலைபேசிக்கு 'ஹாதிப்' என்றொரு சொல் உண்டு. ஆள் கண்ணுக்குத் தெரியாமல் குரல் மாத்திரம் காதில் விழுவதைக் குறிக்கவே பழைய அரபியில் இச்சொல்லைப் பாவித்தார்கள். தொலைபேசி வந்தபோது அரபிகள் புதுச் சொல் தேடி அலையவில்லை. இருந்த சொல்லையே எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். மாணவிகளுக்கு இந்தச் சொல்லைப் படித்துக் கொடுக்கும் போதெல்லாம் எனக்கு எமது ஊர் வீடுகள்தான் நினைவுக்கு வரும். மட்டக்களப்பு வாவியின் ஓரமாக, ஏறாவூரிலிருந்து காத்தான்குடி, மருதமுனை, கல்முனை வரைக்கும் எத்தனை வீடுகளில் உம்மா என்பவர் வருடக்கணக்காக ஒரு ஹாதிபாகவே இருந்திருக்கிறார்!

எமது பகுதியின் வழக்கம் உங்களுக்குத் தெரியாததல்ல. இங்கே வீடு பெண்பிள்ளைக்குரியது. மகளுக்கு ஒரு வீடு கட்டிக் கொடுக்காமல் கலியாணம் பேச முடியாது. இரண்டு மகள்மார் இருந்தால் இரண்டு வீடு. மீன்பிடியாலும் கூலி வேலையாலும் தறியாலும் அந்த வீடு எழும்பாத இடத்தில், உம்மா பாஸ்போட் எடுக்கிறார். இந்த வழக்கம் சரியா பிழையா என்பது வேறு கட்டுரைக்குரிய விடயம். குவைத்துக்கும் சவூதிக்கும் போன அந்தத் தாய்மாருக்கும் இங்கே விட்டுப்போன பிள்ளைகளுக்கும் இடையில் குரல் எப்படிப் போய்வந்தது, இப்போது எப்படிப் போய்வருகிறது என்பதைப் பற்றித்தான் உங்களோடு கொஞ்சம் பேச விரும்புகிறேன்.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கடிதம்தான். கடிதம் போய்ச் சேர வாரங்கள் ஆகும். எழுதத் தெரியாத உம்மாமாருக்குக் கசட் வந்தது பெரிய உதவியாயிற்று. ஊருக்கு வருகிற யாரிடமாவது ஒரு கசட்டைக் கொடுத்தனுப்புவார்கள். இங்கே பாயை விரித்து, டேப் ரெக்கோடரை நடுவில் வைத்து, வீடே சுற்றியிருந்து கேட்கும். ஸலாம் சொல்லி முடிவதற்குள் அங்கே அழுகை, இங்கே அழுகை. பிறகு மறுபக்கத்தில் பிள்ளைகள் பேசிப் பதிந்து அனுப்புவார்கள். சின்னவன் ஓதிக் காட்டுவான். பின்னால் கோழி கூவும், பக்கத்து வீட்டு ராத்தா கிணற்றடியில் யாரையோ ஏசுவதும் சேர்ந்தே பதிந்திருக்கும். வெளிநாட்டில் இருந்த பெண்களைக் கேட்டுப் பாருங்கள், அந்தக் கோழிச் சத்தத்தைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டோம் என்பார்கள்.

அதற்குப் பிறகு வந்தது 'கொமியூனிகேஷன்' கடை. உம்மா இன்ன வெள்ளிக்கிழமை இன்ன நேரத்துக்கு எடுப்பார் என்று தகவல் வரும். குளித்து, நல்ல உடுப்பு உடுத்து, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்க் கடை வாங்கில் காத்திருப்பார்கள். நாமாக 00965 அடித்துக் குவைத்துக்கு எடுப்பதென்றால் நிமிடக் கணக்கைப் பார்த்துப் பார்த்துத்தான் பேச வேண்டும். கூட்டில் நின்று பேசுவதெல்லாம் வெளியே நிற்பவருக்கும் கேட்கும். தன் மனதில் இருப்பதைத் தாயிடம் சொல்லக்கூட ஒரு குமர்ப்பிள்ளைக்கு இடமில்லாத காலம் அது.

இலங்கையில் கையடக்கத் தொலைபேசி 1989இலேயே வந்துவிட்டது. செல்டெல் நிறுவனம் தொடங்கிய அந்தச் சேவைதான் தெற்காசியாவிலேயே முதலாவது என்பார்கள். 1995இல் டயலொக் வந்தது. ஆனால் அவையெல்லாம் கொழும்பாருக்கும் காசுள்ளவர்களுக்கும்தான். யுத்தத்துக்குள் இருந்த எமக்கு 2002இல் யுத்த நிறுத்தம் கைச்சாத்தானதன் பின்னர்தான் அந்தப் பேச்சே காதில் விழத் தொடங்கியது. வந்த புதிதில் எமது சகோதரிகள் செய்த கெட்டித்தனம் ஒன்றுண்டு. 'மிஸ்ட் கோல்'! ஒரு ரிங் விட்டு வைத்தால் சுகமாயிருக்கிறேன், இரண்டு தரம் விட்டால் உடனே திரும்ப எடு என்று வீட்டுக்கு வீடு ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். சதமும் செலவில்லாமல் கடலைத் தாண்டிச் சேதி போனது.

2004 டிசம்பர் 26இல் கடல் ஊருக்குள் வந்தபோது அந்த நூலும் அறுந்தது. இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்கள் போனது அம்பாறை மாவட்டத்தில். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது கரைகள் அழிந்த காட்சியை அங்கே எஜமானின் வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டு, இங்கே எந்த இலக்கத்துக்கு எடுத்தாலும் பதிலில்லாமல் அந்தப் பெண்கள் எப்படி இருந்திருப்பார்கள்! நாட்கள் கழித்துக் கிடைத்த முதல் அழைப்பில் பெயர்களைத்தான் ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். இவன் இருக்கிறானா, அவள் இருக்கிறாளா என்று.

இணையவழிப் பேச்சு வந்த பிறகு எல்லாம் தலைகீழாக மாறியது. 2003இல் தொடங்கிய ஸ்கைப்பை எமதூரில் முதலில் கண்டவர்கள், மகனுடைய மடிக்கணினியிலோ இன்டர்நெட் கடையிலோதான் கண்டிருப்பார்கள். மடிக்கணினியை மேசையில் வைத்து, மூத்தம்மாவைக் கதிரையில் இருத்தி, "உம்மா, அந்தச் சின்ன வட்டத்தைப் பார்த்துப் பேசுங்கோ" என்றால், அவரோ திரையிலிருக்கும் மகளின் கன்னத்தைத் தடவப் போவார். அந்த ஸ்கைப் 2025 மே மாதம் மூடப்பட்டுவிட்டது. அதற்கு வெகு முன்னரே எமது பெண்கள் வைபருக்கும் இமோவுக்கும் வட்ஸ்அப்புக்கும் மாறிவிட்டார்கள்.

இது எப்படி இவ்வளவு மலிவாக நடக்கிறது என்று ஒரு சகோதரி கேட்டார். பழைய தொலைபேசியில் நாம் பேசி முடியும்வரை ஒரு பாதையை நமக்கென்றே ஒதுக்கி வைப்பார்கள். அந்தப் பாதைக்குத்தான் நிமிடத்துக்கு இவ்வளவு என்று காசு. இணையப் பேச்சில் அப்படியில்லை. குரலைக் கருவி எண்களாக மாற்றி, சின்னச் சின்னப் பொதிகளாகக் கட்டி, எல்லாருடைய பொதிகளோடும் சேர்த்துப் பொதுப் பாதையில் விடுகிறது. மறுகரையில் அவற்றை ஒழுங்குபடுத்தித் திரும்பக் குரலாக்குகிறார்கள். பிந்தி வரும் பொதியைக் காத்திருந்து எடுக்காமல் விட்டுவிடுவார்கள். உம்மாவின் சொல் நடுவில் அறுவதும், "கேக்குதா? கேக்குதா?" என்று நாம் கத்துவதும் இதனால்தான். படத்துக்குக் குரலைவிடப் பல மடங்கு டேட்டா வேண்டும். ஆகையால் பேச்சு அறுந்தால் கத்தாமல் படத்தை நிறுத்திவிட்டுக் குரலோடு மட்டும் பேசிப் பாருங்கள். அநேகமாகத் தெளிவாகும்.

இமோ எமது பகுதியில் இந்தளவு பரவியதற்குக் காரணம், மெல்லிய சிக்னலிலும் அது ஓரளவு ஓடுவதுதான். போகும் நாடும் முக்கியம். சவூதி அரேபியா இணைய அழைப்புகள் மீதான தடையை 2017 செப்டெம்பரில் தளர்த்தியது. ஐக்கிய அரபு அமீரகத்தில் வட்ஸ்அப் அழைப்பை நீண்ட காலமாகத் தடுத்தே வைத்திருக்கிறார்கள், அங்கே அனுமதி பெற்ற செயலிகள் வேறு. பயணம் போகுமுன் இதை விசாரித்து வையுங்கள். விமான நிலையத்தில் வைத்து விசாரிக்கிற விடயமல்ல இது.

இனி, மலிவு தீர்க்காத ஒன்றைச் சொல்கிறேன். குவைத்தும் சவூதியும் எமக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால். அங்கே வீட்டுக்காரர் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, பிள்ளைகளைத் தூங்க வைத்து ஒரு பணிப்பெண் தன் அறைக்குப் போக இரவு பதினொரு மணி. இங்கே அப்போது ஒன்றரை மணி. தன் பிள்ளையின் முகம் பார்க்க அவருக்கு ஓய்வு கிடைக்கும் நேரத்தில் அந்தப் பிள்ளை அயர்ந்து தூங்குகிறது. என் வகுப்பில் முதல் பாடத்திலேயே கண் சொருகி விழும் பிள்ளைகள் சிலர் உண்டு. முன்பெல்லாம் அதட்டுகிற ஆசிரியர்களும் இப்போது அதட்டுவதில்லை. காரணம் தெரியும்.

அந்த நடுச்சாமப் பேச்சில் என்ன பேசுகிறோம் என்பதையும் யோசியுங்கள். வீடு எழும்புவதைக் காட்டுகிறார்கள். அத்திவாரம், சுவர், கூரை என்று தொலைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். உம்மாவுக்கு அது பெரிய ஆறுதல்தான், மறுப்பதற்கில்லை. தான் ஒரு நாளும் கால் வைக்காத வீட்டின் சமையலறை ஜன்னல் எந்தப் பக்கம் இருக்க வேண்டுமென்று அங்கிருந்தே சொல்லிக் கட்டுவித்த தாயை எனக்குத் தெரியும். ஆனால் பல வீடுகளில் பேச்சு அதோடு நின்றுவிடுகிறது. சீமெந்து விலை, மேசனின் கூலி, கடன்காரர் வந்து போனது. கசட்டில் அறுபது நிமிடம் பேசியவர்கள் இப்போது ஆறு நிமிடத்தில் கணக்கை மாத்திரம் ஒப்புவிக்கிறார்கள். "நீங்க சாப்பிட்டீங்களா உம்மா, கை கால் உளைவு எப்படி, அங்க உள்ளவங்க ஏசுறாங்களா" என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் உண்மை வராது. வீட்டார் கவலைப்படுவார்கள் என்று அந்தப் பெண் சிரித்த முகத்தைத்தான் திரையில் காட்டுவார். முகம் தெரிகிற தொலைபேசி வந்த பிறகு சுகயீனத்தை மறைப்பது கஷ்டமாகியிருக்க வேண்டும். நடந்திருப்பதோ வேறு. விளக்கைக் குறைத்துவிட்டு, முந்தானையை இழுத்துவிட்டுப் பேசப் பழகிக்கொண்டார்கள்.

அந்தத் தொலைபேசியாவது அவர் கையில் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. குவைத் 2015இல் வீட்டுப் பணியாளருக்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தது. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, கடவுச்சீட்டைப் பறித்து வைக்கக்கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. சட்டத்தில் இருப்பதும் மூடிய கதவுக்குள் நடப்பதும் ஒன்றல்ல. போனதும் தொலைபேசியை வாங்கி அலுமாரியில் பூட்டி, வெள்ளிக்கிழமை மட்டும் கொடுக்கிற வீடுகள் இருக்கின்றன.

எமது கிழக்கு மாகாணத்தின் மூதூரிலிருந்து போன ரிஸானா நபீக்கை யார் மறப்பார்? வயதைக் கூட்டிப் போட்ட கடவுச்சீட்டில் 2005 மே மாதம் பதினேழு வயதில் சவூதி போய், ஒரு மாதம் ஆகுமுன்னரே பராமரித்த குழந்தை இறந்து, கொலைக் குற்றம் சாட்டப்பட்டு, 2013 ஜனவரி 9இல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட பிள்ளை. விசாரணையின் தொடக்கத்தில் அவள் சொன்னதைச் சரியாக மொழிபெயர்க்க ஆளிருக்கவில்லை என்பதே பெரிய முறைப்பாடாக இருந்தது. ஒரு தொலைபேசி கையில் இருந்திருந்தால் எல்லாம் மாறியிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. தன் பக்கத்தைத் தன் மொழியில் சொல்ல ஒரு காது இல்லாத இடத்துக்குத்தான் நாம் பிள்ளைகளை அனுப்பியிருக்கிறோம் என்று சொல்கிறேன்.

இங்கிருந்தும் குரல் அறுபடுவதுண்டு. 2018 மார்ச்சில் திகன கலவரத்தின்போது அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் ஒரு வாரமளவில் நிறுத்தியது. 2019 ஏப்ரல் 21 குண்டுத் தாக்குதல்களின் பின் மாத முடிவு வரை மறுபடியும் நிறுத்தினார்கள். வதந்தி பரவாமல் தடுக்க என்றார்கள். அந்த நாட்களில் காத்தான்குடியின் பெயர் உலகச் செய்தியெல்லாம் அடிபட்டது. தன் ஊர்ப் பெயரை அங்கே அரபுச் செய்தியில் கேட்ட உம்மாவுக்கோ இமோவும் இல்லை, வட்ஸ்அப்பும் இல்லை. பழையபடி காசு கொடுத்துச் சாதாரண அழைப்பு எடுக்க வேண்டியதாயிற்று. இதிலிருந்து ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்: செயலியை மட்டும் நம்பியிராமல் சாதாரண அழைப்புக்கும் கொஞ்சம் ரீலோட் எப்போதும் வைத்திருங்கள். மூத்தாப்பாவின் பழைய பட்டன் போனை வீசிவிடாதீர்கள்.

2020இல் கொரோனாவுக்குப் பாடசாலைகளை மூடியபோது வேறு கஷ்டம். மூன்று பிள்ளைகளுக்கும் பாடம் வட்ஸ்அப்பில், வீட்டில் இருப்பதோ ஒரே போன். விமானமும் இல்லாமல் அங்கே அகப்பட்டிருந்த உம்மா எடுக்கும்போது மகன் கணக்குப் பாடத்தில் இருப்பான். 2022 பொருளாதார நெருக்கடியில் நாட்டைவிட்டுத் தொழிலுக்குப் போனோர் மூன்று இலட்சத்துக்கும் அதிகம். எமது வாவிக்கரை வீடுகளிலும் புதிதாகக் கதவுகள் பூட்டப்பட்டன. ஆகவே இது முடிந்துபோன கதையல்ல.

இன்னொன்று. வட்ஸ்அப் கணக்கைக் களவாடி, உம்மாவின் பெயரில், உம்மாவின் படத்தோடு "அவசரமாகக் காசு போடுங்கள்" என்று செய்தி அனுப்புகிற கூட்டம் உண்டு. தொலைபேசிக்கு வரும் இரகசிய இலக்கத்தை யார் கேட்டாலும், மாமாவே கேட்டாலும், சொல்லாதீர்கள். எழுத்தை நம்பாமல் குரலைக் கேட்ட பின் காசு போடுங்கள் என்று முன்னர் சொல்லிவந்தோம். இப்போது செயற்கை நுண்ணறிவால் குரலையும் போலி செய்கிறார்கள். ஆகவே வீட்டாருக்கு மட்டும் தெரிந்த ஒரு சொல்லைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். வளர்த்த ஆட்டின் பெயராகவும் இருக்கலாம். அதே சொல்லை, "எனக்கு இங்கே ஆபத்து" என்று பக்கத்தில் நிற்பவருக்கு விளங்காமல் சொல்லவும் வைத்துக்கொள்ளலாம்.

போகிற பெண் ஓர் இலக்கத்தையாவது மனனமாகத் தெரிந்திருக்க வேண்டும். போனில் பதிந்த இலக்கம் போனோடு போய்விடும். குர்ஆனின் எத்தனையோ சூராக்களை மனனமிட்ட சகோதரிகளுக்குப் பத்து இலக்கம் பெரிதா? இங்கேயிருக்கும் குடும்பத்தார், அவரிடமிருந்து பேச்சு நின்றுபோனால் மாதக்கணக்கில் காத்திருக்காமல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு எடுத்து முறையிடுங்கள். பெயர், கடவுச்சீட்டு இலக்கம், முகவர் நிலையம், எஜமானின் பெயரும் இலக்கமும், இவற்றை ஒரு கொப்பியில் எழுதிவைத்திருப்பது அப்போது உதவும்.

பயணம் போக இருக்கும் பெண்கள் சிலர் அரபியில் நாலு வார்த்தை கேட்டு எங்களிடம் வருவதுண்டு. நாங்கள் கல்லூரியில் கற்ற அரபியும் அந்த வீடுகளில் பேசும் அரபியும் வேறு. 'ஹாதிப்' என்றால் சிரிப்பார்கள், சவூதியில் கைத்தொலைபேசிக்கு 'ஜவ்வால்' என்பதே பேச்சு வழக்கு. சமைக்க, துவைக்க வேண்டிய சொற்களை அவர்கள் போன பிறகு தாமாகவே பிடித்துக்கொள்வார்கள். முதலில் பாடமாக்க வேண்டிய வசனம் இது: 'அபீ அகல்லிம் அஹ்லீ.' நான் என் வீட்டாரோடு பேச வேண்டும் என்று பொருள். அதில் 'ஹ்' எழுத்தை விழுங்காமல் சொல்லிப் பழகுங்கள். விழுங்கினால் வீட்டாரோடு பேசக் கேட்ட பெண், அலீ என்ற யாரோ ஒருவரோடு பேசக் கேட்டதாகப் போய்விடும்.