'மூன்ரைஸ்': யாருடைய அடிவானம்?

'மூன்ரைஸ்' என்ற ஆங்கிலச் சொல்லை மொழிபெயர்க்கும்போது நிலவெழுச்சி, நிலவுதயம், மதியெழல் என்று ஆளுக்கொன்றாக எழுதுகிறோம். ஒரு சொல்லைக் கண்டுபிடித்துவிட்டால் காரியம் முடிந்தது என்று நினைப்பு. சிக்கல் அகராதியில் இல்லை, பயன்பாட்டில் இருக்கிறது.

ஆங்கிலத்தில் இது ஒரு பெயர்ச்சொல். 'சன்ரைஸ்' என்பதன் வார்ப்பில் உருவானது. நிலா மேலெழும் நிகழ்வையும் அந்த நேரத்தையும் இது குறிக்கும். வானியல் இதன் அர்த்தத்தை இன்னும் இறுக்கிவிடுகிறது: நிலா வட்டத்தின் மேல்விளிம்பு அடிவானத்தில் தலைகாட்டும் கணம். அந்த அடிவானத்தில் மலை, மரம், வீடு எதுவும் கிடையாது. இந்தக் கணம் நாளுக்குச் சராசரியாக 50 நிமிஷம் தள்ளிப்போகிறது. பௌர்ணமிக்குப் பொழுது சாயும் நேரத்தையொட்டி வரும். தேய்பிறை அஷ்டமிக்கு நடுராத்திரி வாக்கில். வளர்பிறை அஷ்டமிக்கோ உச்சி மதியத்தில். அதாவது வளர்பிறை நாட்களின் 'மூன்ரைஸ்' எல்லாம் பகலில் நடந்து முடிகிறது. யாரும் பார்ப்பதில்லை. பார்ப்பவர் இல்லாமலேயே நிகழக்கூடிய ஒன்றைத்தான் கணிதம் இந்தப் பெயரால் சொல்கிறது.

ஆனால் ஆங்கிலப் பயன்பாடு இந்தக் கணிதத்துக்குக் கட்டுப்படுவதில்லை. ஆன்சல் ஆடம்ஸ் 1941இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் கிராமத்தில் எடுத்த புகழ்பெற்ற புகைப்படத்தின் தலைப்பில் இதே சொல்தான் இருக்கிறது. படத்தில் இருப்பதோ பனிமலைக்கும் மேகத்துக்கும் மேலே நன்றாக ஏறி நிற்கிற நிலா. கணக்குப்படி உதயம் எப்போதோ முடிந்துவிட்டது. ஆக, ஒரே குறிப்பானுக்குள் இரண்டு அர்த்தங்கள் குடியிருக்கின்றன. ஒன்று கணிக்கப்பட்டது, மற்றது காணப்பட்டது.

தமிழில் இந்த இரண்டும் தனித்தனி வீட்டில் இருக்கின்றன. பஞ்சாங்கத்தில் 'சந்திரோதயம்' இருக்கிறது. தெருவில் 'நிலாக் கெளம்பிருச்சு' இருக்கிறது. முன்னது பெயர், பின்னது வினை. பேச்சுத் தமிழ் இதைப் பெயராக்கிக்கொள்ளவே இல்லை. அமாவாசை கழித்து மேற்கே தெரியும் கீற்றை இரண்டாலும் சொல்வதில்லை. அதற்கு 'பிறை தெரிஞ்சிருச்சு'தான். நோன்புப் பெருநாளுக்குக் காத்திருப்பவர்கள் தேடுவதும் அதைத்தான். அந்த நிலா அன்று காலையிலேயே வெயிலோடு வெயிலாக உதித்துவிட்டது என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டில்லை. கண்ணில் படுவதே அங்கே நிகழ்வு.

இதைச் சின்னமனூரில் வைத்துப் பார்த்தால் விஷயம் துலங்கும். மேற்கே கேரள எல்லை மலைகள், தென்கிழக்கே மேகமலைத் தொடர். வெட்டவெளி அடிவானம் என்பதே இங்கே ஒரு கற்பனைதான். ஆனி மாசத்துப் பௌர்ணமி நிலா தெற்கே தள்ளி உதிக்கும். தை மாசத்து நிலா வடக்கே தள்ளி. மலை ஐந்து பாகை உயரம் மறித்து நின்றால், கணக்குப்படி உதித்த நிலா கண்ணுக்குத் தெரிய ஏறக்குறைய இருபது நிமிஷம் ஆகும். சங்கடஹர சதுர்த்திக்கு விரதமிருந்து, நிலாவைப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவது என்றிருக்கிற பெண்ணுக்கு அந்த இருபது நிமிஷம் பசி. 'சந்திரோதயம் ஆயிருச்சே, சாப்பிடும்மா' என்று காலண்டரைப் பார்த்துச் சொல்பவரும், 'இன்னும் கெளம்பலையே' என்று மொட்டைமாடியில் நிற்பவரும் பேசுவது ஒரே விஷயத்தையா? எந்த உதயம் செல்லும் என்று தீர்மானிக்கும் அதிகாரம் அச்சிட்ட தாளிடம் இருக்கிறதா, காத்திருக்கும் கண்ணிடம் இருக்கிறதா? மொழிபெயர்ப்பாளன் ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போதே, அறியாமல் இதற்கும் தீர்ப்புச் சொல்லிவிடுகிறான்.

'நிலவெழுச்சி' என்ற ஆக்கத்தின் கோளாறு இங்கேதான் இருக்கிறது. பழைய வழக்கில் 'நிலவு' பெரிதும் ஒளியைச் சுட்டுவது, 'திங்கள்' கோளைச் சுட்டுவது என்பதை ஒதுக்கிவைப்போம். காண்பவரை வெளியேற்றிவிட்டு நிகழ்வை மட்டும் உறையவைக்கிறது இந்தச் சொல். வானியல் கட்டுரைக்கு இது போதும், சந்திரோதயமும் போதும். ஒரு கதையில் ஒருத்தி 'மூன்ரைஸ்' வரை காத்திருந்தாள் என்று வந்தால் 'நிலாக் கிளம்புகிற வரைக்கும்' என்று எழுதுவதில் என்ன குறைந்துவிடும்? ஒரு சொல்லுக்கு ஒரு சொல்தான் நேர் என்பது அகராதி வளர்த்த பழக்கம். வினையாகச் சொல்வதனாலேயே தமிழுக்கு ஒரு சொல் குறைகிறது என்பதும் அந்தப் பழக்கத்தின் பிள்ளைதான்.

சின்னமனூரில் கிடைத்த பாண்டியர் செப்பேடுகளில் பெரியது 10ஆம் நூற்றாண்டினது. சமஸ்கிருதமும் தமிழும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது. மகாபாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதையும் மதுரையில் சங்கம் வைத்ததையும் பாண்டியரின் பெருமைகளாக அது சொல்கிறது. சந்திரனைக் குலமுதல்வனாகச் சொல்லிக்கொண்ட அரசர்கள் அவர்கள். மொழிபெயர்ப்பு அன்றைக்கே ஓர் அதிகாரச் செயல்பாடாக இருந்திருக்கிறது என்பதற்கு இது சாட்சி. அரசனின் சந்திரன் செப்பேட்டில் இருக்கிறது, பஞ்சாங்கத்தின் சந்திரன் கட்டத்துக்குள் இருக்கிறது. மலைக்குப் பின்னாலிருந்து தாமதமாக வருகிற நிலாவுக்கு வினைச்சொல் மட்டுமே இருக்கிறது. அதையும் பெயராக்கிப் பிடுங்கிவிட வேண்டாம்.