கோயிலை இழந்த கோபுரம்

பாரிஸ் மாநகரில், ஸேன் நதியின் வலது கரையில், ரிவோலி வீதியை ஒட்டிய சிறு பூங்காவின் நடுவே 50 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் ஸேன் ஷாக் கோபுரத்தை முதன்முதலாகக் காண்பவர் எவரும், அதனருகே இருக்கவேண்டிய தேவாலயத்தைத் தேடிக் கண்களை நாற்புறமும் ஓட்டாமலிரார். தேவாலயம் இல்லை, அதன் மணிக்கூண்டு மாத்திரமே எஞ்சியிருக்கிறது.

நம் நாட்டுக் கத்தோலிக்கர் சந்தியாகப்பர் என்று பக்தியோடு அழைக்கும் அப்போஸ்தலருக்கு உரியது அக்கோயில். கசாப்புக்காரர்கள் நிறைந்த பேட்டையில் இருந்தமையால், அவர்கள் தொழிலின் பெயரும் அதனோடு சேர்ந்துகொண்டது. அப்போஸ்தலரின் கல்லறை உள்ளதென நம்பப்படும் ஸ்பெயின் தேசத்து க்ஷேத்திரத்துக்குக் கால்நடையாகப் புறப்பட்ட யாத்திரிகர்கள் இங்கே வந்து கூடினார்கள். மத்திய காலம் முடிந்து புதுயுகம் உதிக்கும் தறுவாயில், 1509 முதல் 1523 வரை, தீச்சுடர்போல் நெளிந்தெழும் கல்வேலைப்பாடுகளோடு இக்கோபுரம் எழுந்தது.

காற்றுக்கும் கனமுண்டு என்பதை நிரூபிக்க விரும்பிய விஞ்ஞானி பாஸ்கல், 1648-ல் தம் தமக்கையின் கணவர் பெரியேயைப் பாதரசக் குழாயோடு ஒரு மலையுச்சிக்கு ஏறச்செய்து, மேலே செல்லச் செல்லப் பாதரச மட்டம் தாழ்வதை அறிந்தபின், அதே பரிசோதனையைப் பாரிஸில் தாமே செய்துபார்க்கத் தேர்ந்த இடங்களுள் இக்கோபுரமும் ஒன்று. அடியில் நின்ற மட்டத்தைவிட உச்சியில் பாதரசம் 4 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக இறங்கியிருந்தது. ஒரு நகத்தின் அகலம்கூட இல்லாத அந்த வித்தியாசத்தில், நாம் அனைவரும் ஒரு காற்றுக்கடலின் அடித்தளத்தில் வாழ்கிறோம் என்னும் பேருண்மை அடங்கியிருந்தது.

பிரெஞ்சுப் புரட்சிக்குப்பின், 1797-ல், கோயிலை இடித்துக் கல்லை எடுத்துக்கொள்ளும் உரிமை விற்கப்பட்டது. ஆனால் கோபுரத்தை இடிக்கலாகாது என்று கிரயப் பத்திரத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. அதனை எழுதச் செய்தவர் யாராயினும், பிற்காலத்தார் அவருக்குப் பெரிதும் கடமைப்பட்டவர்கள். காப்பாற்றப்பட்ட கோபுரம் சில காலம் பட்டறையாயிற்று: உச்சியிலிருந்து உருகிய ஈயத்தைச் சொட்டவிட, அது விழும்போதே உருண்டு திரண்டு துப்பாக்கி ரவையாயிற்று. 1836-ல் நகர சபை அதை விலைக்கு வாங்கியது. பின்னர் ரிவோலி வீதி விரிந்தபோது, கட்டடக் கலைஞர் பாலூ அதைச் செப்பனிட்டார். 1998-ல், சந்தியாகப்பர் யாத்திரை வழியின் அங்கமாக யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் அது இடம்பெற்றது.

கோபுரத்தின் அடியில், வளைவுகளுக்குக் கீழே, பாஸ்கலின் சிலை நிற்கிறது; மேலே, அவர் காற்றை அளந்த உச்சியில், 1891-ல் வானிலை நிலையம் ஒன்று அமைந்தது.