பெட்டியின் மேல் 24, உள்ளே?

பவுன் வாங்கப் போகிறீர்கள். தராசு மில்லிகிராம் வரை காட்டும் என்கிறார் கடைக்காரர். ஆனால் எந்த நகையை வைத்தாலும் கடைசி மூன்று இலக்கங்களும் பூஜ்யம்! நீங்கள் சும்மா இருப்பீர்களா? "ஏனய்யா, இது கிராம் தராசுதானே?" என்று கேட்டுவிட மாட்டீர்களா?

பாட்டியின் தாலாட்டைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்து வைக்க 'சவுண்ட் கார்டு' வாங்கும்போதும் அதே சாமர்த்தியம் வேண்டும்.

மைக்கில் வரும் ஒலியை நொடிக்குப் பல்லாயிரம் தடவை எடைபோட்டு, எண்ணாக எழுதுவதே இந்தக் கார்டின் வேலை. அந்த எண்ணுக்கு எத்தனை இலக்கங்கள் என்பதுதான் 'பிட்' கணக்கு. 1982-ல் விற்பனைக்கு வந்த ஸி.டி. தட்டுக்கு 16 பிட். அதாவது 65,536 படிகள். 24 பிட் என்றால் 1,67,77,216 படிகள்! பாட்டியின் சன்னக் குரலைத் தாழ்வாகப் பதிந்து, பிறகு உயர்த்தினாலும் கரகரப்பு ஏறாது. அதற்காகத்தானே கூடுதல் விலை கொடுக்கிறோம்?

ஆனால் 16 பிட்டில் எடைபோட்டுவிட்டு, மீதி எட்டு இடங்களில் பூஜ்யத்தை நிரப்பி, 24 என்று சாதிக்கும் சாதனங்களும் உண்டு.

கண்டுபிடிப்பது எளிது. கார்டின் திருகைக் குறைத்து வைத்து, சத்தமில்லாத அறையில், 24 பிட்டில் ஒரு நிமிஷம் பதியுங்கள். இலவசமாகக் கிடைக்கும் 'ஆடாசிட்டி' மென்பொருளில் அதை 60 டெசிபல் உயர்த்தி, கோட்டைப் பெரிதாக்கிப் பாருங்கள். சில குறிப்பிட்ட உயரங்களில் மட்டுமே புள்ளிகள் நின்று, மாடிப்படி போல் தெரிகிறதா? குட்டு வெளிப்பட்டது! எல்லா உயரத்திலும் சிதறிக் கிடந்தால், கீழ் இலக்கங்களும் வேலை செய்கின்றன.

உடனே கடைக்காரரோடு சண்டைக்குக் கிளம்பிவிடாதீர்கள். கம்ப்யூட்டரே நடுவில் 16-ஆக வெட்டியிருக்கலாம். அமைப்பை மாற்றி இன்னொரு முறை பாருங்கள். கம்ப்யூட்டரில் ஒலியளவைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். அந்தப் பெருக்கலில் பூஜ்யங்கள் மறைந்து போலி இலக்கங்கள் தோன்றிவிடும்.

இன்னொரு விஷயம். நல்ல கார்டிலும் கடைசி நாலு இலக்கங்கள் பெரும்பாலும் வெறும் இரைச்சல்தான். கணக்குப்படி 24 பிட்டுக்கு 144 டெசிபல் வீச்சு. நடைமுறையில் 120 சுமாருக்கு எட்டினாலே உயர்ந்த ரகம். மின்விசிறிக்கு அடியில் வைத்த தராசில் கடைசி இலக்கம் துள்ளிக்கொண்டே இருக்குமே, அதைப் போல!

ஆகவே கார்டு வந்த அன்றே பரீட்சையை முடித்துவிடுங்கள். தேறாவிட்டால் ரசீதோடு திருப்பிக் கொடுக்கலாம். தேறினால், விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, பாட்டியை மைக்குக்கு அருகில் உட்கார வையுங்கள். பாட்டிக்குத் தொண்டை நன்றாக இருக்கும் நாளை வீணாக்கலாமா?