வீட்டுக்கு ஒரு மடிக்கணினி

ஒரு பொருளை விலை கொடுத்து வாங்குவது எளிது. அப்பொருள் நமக்கு வேண்டியதுதானா, வேண்டுமாயின் எந்த அளவுக்கு வேண்டும் என்று ஆராய்ந்து காண்பதே அரிது. மாணவ நண்பர்களே! ஆய்வுக்கூடத்தில் தராசைக் கையாளும்போது முதலில் யாது செய்கிறீர்கள்? எடையிட வேண்டிய பொருளைத் தட்டில் வைப்பதற்கு முன்பே, முள் நடுவில் நிற்கிறதா என்று பார்க்கிறீர்கள் அல்லவா? பொருள்களை மதிப்பிடும்போதும் அவ்வாறே, முதலில் சரிபார்க்க வேண்டியது நம்முடைய தேவையை. தேவை தெளிவானால் பொருளின் குணமும் குற்றமும் தாமே தெளிவாகும்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது, பெரிய திரையும், வேண்டியவாறு உறுப்புகளை மாற்றிக்கொள்ளும் வசதியும் உடைய மடிக்கணினி. லேப்டாப் என்று நாம் அன்றாடம் வழங்கும் கருவியே அது. எங்கள் வீட்டில் பழைய மடிக்கணினி ஒன்று உண்டு. அதில் இயங்கும் விண்டோஸ் 10 என்னும் இயக்க மென்பொருளுக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. அதற்குப் பின்வந்த விண்டோஸ் 11 நிலைபெற வேண்டுமாயின் தனியானதொரு பாதுகாப்பு அமைப்பும், குறிப்பிட்ட தலைமுறைக்குப் பிற்பட்ட செயலியும் வேண்டும். எங்கள் கணினியில் அவை இல்லை. ஆகவே, நன்றாக உழைத்துக்கொண்டிருந்த கருவி, உடையாமலே பழையதாகிவிட்டது. என் பேத்தியோ வணிகவியல் பட்டப் படிப்பில் அப்போதுதான் சேர்ந்திருந்தாள். புதிது ஒன்று வேண்டும். ஆனால் எது வேண்டும்? ஓய்வூதியத்திலிருந்து எடுத்துச் செலவிடும் தொகை ஒரு முறைதான் கையிலிருக்கும். தவறாக வாங்கினால் மறுமுறை வாங்க இயலாது.

அவ்வேளையில் அமெரிக்காவில் பொறியாளனாகப் பணிபுரியும் என் மகன் விடுமுறைக்கு வந்திருந்தான். அவன் வைத்திருந்தது ஃபிரேம்வொர்க் லேப்டாப் 16 என்னும் கருவி. "ஒரு மாதம் நீங்களே எல்லாரும் இதைப் பயன்படுத்திப் பாருங்கள், அப்பா. இது போதுமென்றால் விட்டுச் செல்கிறேன், வேண்டாமென்றால் இங்கேயே வேறு வாங்குவோம்" என்றான். அந்த ஒரு மாதத்தில் நான் ஆராய்ந்தவற்றையே முறையாகச் சொல்கிறேன்.

முதலில் சிறிது வரலாறு. கையில் எடுத்துச் செல்லத்தக்கது என்று பெயர்பெற்று 1981-இல் விற்பனைக்கு வந்த ஆஸ்பார்ன் 1 என்னும் கணினியின் எடை ஏறத்தாழ 11 கிலோ. திரையோ 5 அங்குலமே. 1984-இல் மைக்கேல் டெல் என்னும் மாணவர் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோதே ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். வாங்குவோர் கேட்கும் உறுப்புகளை இணைத்துக் கணினியைச் செய்து கொடுக்கும் முறையால் அந்நிறுவனம் பின்னாளில் பெரும்புகழ் பெற்றது. இது வாங்கும்போது தேர்ந்தெடுக்கும் உரிமை. வாங்கிய பின்னும் மாற்றிக்கொள்ளும் உரிமை வேறு. கருவிகள் மெலிய மெலிய, அவற்றுள் பலவற்றில் நினைவகம் தாய்ப்பலகையோடு சேர்த்துப் பற்றவைக்கப்படலாயிற்று. அவ்வாறானபின் அதைக் கூட்ட வழியில்லை. இந்த நிலையை மாற்ற எண்ணி 2020-இல் தொடங்கப்பட்டதே ஃபிரேம்வொர்க் நிறுவனம். அதன் முதல் மடிக்கணினி 2021-இல் வந்தது. 16 அங்குலத் திரையுடையது 2024-இல் வாங்குவோர் கைக்குச் சேர்ந்தது.

இனித் திரையைப் பார்ப்போம். திரையின் அளவு என்று கடைக்காரர் சொல்வது அதன் மூலைவிட்டத்தின் நீளம். மூலைவிட்டம் மட்டும் தெரிந்தால் பரப்புத் தெரியாது. அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதமும் தெரிய வேண்டும். நீங்கள் படித்த பிதாகரஸ் தேற்றத்தை இங்கே பயன்படுத்துங்கள். 15.6 அங்குலத் திரை, 16-க்கு 9 என்னும் விகிதத்தில் இருந்தால், அதன் அகலம் ஏறத்தாழ 13.6 அங்குலம், உயரம் 7.65 அங்குலம், பரப்பு 104 சதுர அங்குலம். ஃபிரேம்வொர்க் கருவியின் 16 அங்குலத் திரை, 16-க்கு 10 என்னும் விகிதமுடையது. அதன் அகலமும் அதே 13.6 அங்குலந்தான், ஆனால் உயரம் 8.5 அங்குலம், பரப்பு 115 சதுர அங்குலம். வித்தியாசம் முழுவதும் உயரத்தில் வந்து சேர்கிறது. திரைப்படம் பார்ப்போர்க்கு இதனால் பெரும்பயன் இல்லை. மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிப்போர்க்கும், கணக்கேடு எழுதுவோர்க்கும் பயன் மிகுதி.

அடுத்தது தெளிவு. திரையில் தோன்றும் எழுத்து, நுண்ணிய ஒளிப்புள்ளிகளால் ஆனது. இத்திரையில் அகலவாட்டில் 2560, உயரவாட்டில் 1600 புள்ளிகள் உள்ளன. அங்குலம் ஒன்றுக்கு ஏறத்தாழ 189 புள்ளிகள். கடைகளில் பரவலாக உள்ள 1920-க்கு 1080 என்னும் அளவில், 15.6 அங்குலத் திரையில் அங்குலத்துக்கு 141 புள்ளிகளும், 17.3 அங்குலத் திரையில் 127 புள்ளிகளுமே அமையும். இதிலிருந்து ஓர் உண்மை புலனாகும்: புள்ளிகளின் தொகை மாறாமல் திரை மட்டும் பெரிதானால் எழுத்துப் பெரிதாகுமே அன்றிக் கூர்மையாகாது. தமிழ் எழுத்தில் சுழிகளும் வளைவுகளும் மிகுதி ஆதலால், 'ண'கரத்துக்கும் 'ன'கரத்துக்கும் உள்ள வேறுபாடு சிறிய எழுத்திலும் விளங்கக் கூர்மை இன்றியமையாதது. கண்புரை அறுவை செய்துகொண்ட என் மனைவி, கண்ணாடியைத் தேடாமலே அத்திரையில் செய்தித்தாள் படித்தாள். இது மெச்சத்தக்க சிறப்பு.

அதே திரை நொடிக்கு 165 முறை படத்தைப் புதுப்பிக்கும் என்று விவரத்தாளில் கண்டேன். திரையரங்கில் ஓடும் படமோ பெரும்பாலும் நொடிக்கு 24 சட்டங்களே. விரைந்தோடும் விளையாட்டுகளை ஆடுவோர்க்கு இவ்வேகம் இன்பம் தரும்; கடிதமும் பாடமும் எழுதும் வீட்டுக்கு இதற்கென விலை கொடுப்பது வேண்டா.

விசைப்பலகையில் ஒரு புதுமை கண்டேன். எண்விசைகள் தனித் துண்டாக உள்ளன. அவற்றை வலப்புறமோ இடப்புறமோ பொருத்தலாம். அகற்றிவிட்டு எழுத்துவிசைகளை நடுவில் அமைத்துக்கொள்ளவும் செய்யலாம். கணக்குப் பதியும் என் பேத்திக்கு எண்விசைகள் உதவின. எனக்கோ, தமிழ் எழுதும்போது விசைகள் திரையின் நடுவுக்கு நேராக இருப்பதே உகந்தது. நான் கையாள்வது தமிழ் 99 என்னும் முறை. 1999-இல் வரையறுக்கப்பட்ட இம்முறையில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்யெழுத்துகள் வலக்கைப் பக்கமும் அமைந்துள்ளன. விசைகளின்மேல் தமிழ் எழுத்துப் பொறிக்கப்படாவிடினும் விரல் பழகிவிட்டால் குறையில்லை.

இனி உள்ளுறுப்புகள். ராம் எனப்படும் நினைவகத்தை எழுதும் மேசை என்றும், எஸ்.எஸ்.டி. எனப்படும் சேமிப்பகத்தைப் புத்தக அலமாரி என்றும் கருதுங்கள். மேசை சிறிதானால் ஒவ்வொரு நூலுக்கும் எழுந்து எழுந்து அலமாரிக்குச் செல்ல நேரும், வேலை தாமதப்படும். விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாப்ட் வகுத்த குறைந்த அளவு 4 ஜிகாபைட் நினைவகமும் 64 ஜிகாபைட் சேமிப்பகமும் ஆகும். அது நுழைவதற்கு மட்டும் போதும். உட்கார்ந்து வேலை செய்ய 8-க்குக் குறையாமலும், சில ஆண்டுகள் நிம்மதியாக இருக்க 16-உம் வேண்டும் என்பது என் கருத்து. சேமிப்பகம் 512 இருந்தால் குடும்பப் படங்களுக்கும் பாடங்களுக்கும் போதும். இக்கருவியில் நினைவகத்துக்கு இரண்டு இடங்களும் சேமிப்பகத்துக்கு இரண்டு இடங்களும் உள்ளன; திருகுகளைக் கழற்றி நாமே மாற்றலாம். இங்கே ஒரு சிறு கணக்கு. 16 ஜிகாபைட்டை இரண்டு எட்டாக இட்டால் இரு வழிகளில் செய்தி பாய்வதால் வேகம் கூடும். ஒரே பதினாறாக இட்டால் நாளை கூட்டுவதற்கு ஓரிடம் காலியாக இருக்கும். இன்றைய வேகமா, நாளைய இடமா என்பதை வாங்குவோர் தீர்மானிக்க வேண்டும்.

பக்கவாட்டில் ஆறு சிறிய அறைகள் உள்ளன. யு.எஸ்.பி., எச்.டி.எம்.ஐ., கம்பிவழி இணையம், காதுக்கருவி ஆகியவற்றுள் வேண்டிய இணைப்புத் துண்டைத் தேர்ந்து செருகிக்கொள்ளலாம். ஆறு இடங்களும் ஒரே ஆற்றலுடையன அல்ல. மின்னேற்றமும் வெளித்திரை இணைப்பும் எந்த இடத்தில் இயலும் என்பதைப் பார்த்தே பொருத்த வேண்டும். பின்புறத்தில், விளையாட்டுக்கும் பொறியியல் வரைபடத்துக்கும் உதவும் வரைகலைப் பகுதியைத் தனியே சேர்க்கவும் நீக்கவும் வழியுண்டு. 2025-இல் புதிய வரைகலைப் பகுதியும் புதிய தாய்ப்பலகையும் அந்நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டன. பழைய கருவியிலேயே அவற்றைப் பொருத்தலாம். உடல் இருக்க உறுப்பு மாறும் இவ்வமைப்பைப் போற்றவே வேண்டும்.

மின்கலத்தின் கொள்ளளவு 85 வாட்-மணி. வாட்-மணியை வாட்டால் வகுத்தால் மணி கிடைக்கும். எழுதுவது, படிப்பது போன்ற வேலைக்குச் சராசரி 15 வாட் செலவாகும் என்று கொண்டால் ஐந்தரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும். கடும் வேலை கொடுத்து 85 வாட் இழுத்தால் ஒரே மணி நேரந்தான். பெரிய கருவிக்கு நீண்ட ஆயுள் என்று நினைப்பது பொருந்தாது. செலவே ஆயுளை நிர்ணயிக்கிறது. எடை, வரைகலைப் பகுதி இல்லாமல் 2.1 கிலோ; சேர்ந்தால் 2.4 கிலோ. மின்னேற்றியின் எடை வேறு.

இவற்றையெல்லாம் அறிந்தபின், பேத்தியிடம் ஒரு பயிற்சி கொடுத்தேன். ஒரு வாரத்துக்கு, வீட்டில் யார், எத்தனை மணி, எதற்காகக் கணினியைப் பயன்படுத்துகிறார்கள் என்று கட்டம் போட்டு எழுதச் சொன்னேன். வார முடிவில் தாளைக் காட்டினாள். படிப்பும் எழுத்தும் மிகுதி, அதற்கடுத்துப் பாடக் காட்சிகள், மாலையில் பாட்டி உறவினரோடு முகம் பார்த்துப் பேசியது, மின்கட்டணம் செலுத்தியது. வரைகலைப் பகுதிக்கு உரிய வேலை ஒரு மணி நேரங்கூட அக்கட்டத்தில் இல்லை. "தாத்தா, இந்தக் கருவிக்கு நம் வீட்டில் பாதி வேலைகூட இல்லை. நான் இதைத் தூக்கிக்கொண்டு தினமும் பேருந்தில் நின்று போகவும் முடியாது" என்று அவளே கூறினாள்.

மற்றொரு காரணத்தையும் நான் எண்ணினேன். பழுது பார்க்கும் எளிமை என்பது பாதி கருவியிலும் பாதி கடைத்தெருவிலும் உள்ளது. எங்கள் ஊர்க் கடைகளில் அக்கருவிக்கென அமைந்த தாய்ப்பலகையோ விசைப்பலகையோ கிடைப்பதில்லை. நினைவகமும் சேமிப்பகமும் பொதுவகையின ஆதலால் அவை கிடைக்கும். பிற உறுப்புகள் கடல் கடந்து வர வேண்டும். மாற்றத்தக்க உறுப்பு கைக்கெட்டாதாயின் அவ்வுரிமை ஏட்டளவில் நின்றுவிடும்.

ஆகவே எங்கள் முடிவு இவ்வாறாயிற்று. பேத்தி எடுத்துச் செல்ல 14 அங்குல மடிக்கணினி ஒன்று. பின்மூடியைத் திருகுகளால் திறக்கக்கூடியது, நினைவகத்தைக் கூட்ட இடமுடையது எனப் பார்த்தே அதை உள்ளூரில் வாங்கினோம். வீட்டு மேசைக்கு 24 அங்குல வெளித்திரை ஒன்று. அதன் பரப்பு ஏறத்தாழ 246 சதுர அங்குலம். மகனுடைய பெருந்திரையைப்போல் இருமடங்குக்கும் மேல்! பழைய கணினியில் விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ் இயக்க மென்பொருளை இட்டோம்; பாட்டி அதில் செய்தி படிக்கிறாள். ஃபிரேம்வொர்க் கருவி என் மகனுடனேயே திரும்பிச் சென்றது. இயந்திர வரைபடங்களை ஓயாமல் வரையும் அவனுக்கு அதுவே பொருத்தம்.

இதனால் பெருந்திரை மடிக்கணினி வேண்டாததென்று கருதிவிடாதீர்கள். மேசையிலேயே பெரும்பாலும் இருப்பது, இல்லத்தார் பலரும் பயன்படுத்துவது, எப்போதேனும் மட்டும் அறைவிட்டு அறை எடுத்துச் செல்வது, அதன் உறுப்புகள் அருகில் கிடைப்பது என்னும் நான்கும் பொருந்துமாயின், அதனினும் நல்ல குடும்பக் கருவி வேறில்லை. 2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நினைவகத்தின் விலை உலகெங்கும் ஏறியது. அத்தகைய காலத்தில், இன்று அளவாக வாங்கி நாளை கூட்டிக்கொள்ள இடமளிக்கும் கருவி, குறைந்த வருவாயுடைய குடும்பத்துக்குப் பெருந்துணை.

மாணவர்களே! தமிழ்நாட்டு அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால் எத்தனையோ எளிய இல்லங்களில் முதன்முறையாகக் கணினி புகுந்தது. இனி அடுத்த கருவியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு உங்களுடையதாகும். வீட்டில் உள்ள பெரியவர்கள் உங்கள் சொல்லையே கேட்பார்கள். அப்போது கடைக்காரர் காட்டும் விவரத்தாளை எடுப்பதற்கு முன், வீட்டின் ஒரு வாரத்துத் தேவையைத் தாளில் எழுதுங்கள். பிறகு இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முதல் தாளில் இல்லாத ஒன்று இரண்டாம் தாளில் பெரிய எழுத்தில் இருக்குமாயின், அதற்குரிய விலையை உங்கள் தந்தையாரின் சட்டைப் பையிலேயே இருக்க விடுங்கள்.