சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்: நுரையீரலில் நிலைபெறும் கிருமிகள் ஆன்டிபயாடிக்குக்கு அடங்காதது ஏன்?

கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தின் ஏலப்பாறை, தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்து வரும் தேயிலைத் தோட்டப் பகுதியாகும். மழையும் மூடுபனியும் மிகுந்த இத்தகைய மலைப்பகுதிகளில் குழந்தைக்கு இருமல் என்றால் குளிர்தான் காரணம் என்று கருதுவது இயல்பு. பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால், மருந்து கொடுத்ததும் தணிந்து, சில வாரங்களில் மீண்டும் தொடங்கும் இருமலுக்குப் பின்னால் அரிதாக ஒரு மரபணு நோய் இருக்கக்கூடும். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் எனப்படும் அந்நோயைக் கண்டறிவது தாமதமானால், மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகள் நுரையீரலில் நிலைபெற வழி ஏற்படுகிறது.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதடைந்த மரபணு வந்தால் மட்டுமே குழந்தைக்கு இந்நோய் ஏற்படும். பெற்றோருக்கு எந்த அறிகுறியும் இராது. 1989ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட சிஎஃப்டிஆர் என்ற இந்த மரபணு, செல்களின் வழியே உப்பும் நீரும் செல்வதை ஒழுங்குபடுத்துகிறது. அது செயலிழக்கும்போது மூச்சுக்குழாய்களில் உள்ள சளி நீர்த்தன்மை இழந்து பசைபோல் கெட்டியாகிறது. தூசியையும் கிருமிகளையும் வெளியே தள்ளும் நுண்ணிய இழைகள் அந்தச் சளிக்குள் சிக்கி அசைய முடியாமல் போகின்றன.

இந்தியாவில் இல்லை என்று கருதப்பட்ட நோய்

இது ஐரோப்பியர்களுக்கு மட்டுமே வரும் நோய் என்ற எண்ணம் நீண்ட காலம் நிலவியது. இந்தியக் குழந்தைகளிடம் இந்நோய் காணப்பட்டது குறித்த மருத்துவக் குறிப்புகள் 1960களின் பிற்பகுதியிலேயே வெளிவந்தன. பின்னர் டெல்லி எய்ம்ஸ், வேலூர் சிஎம்சி போன்ற மருத்துவமனைகள் தொடர்ந்து நோயாளிகளைக் கண்டறிந்து ஆய்வுகளை வெளியிட்டன. இருப்பினும், காசநோய் அல்லது ஆஸ்துமா என்று கருதி நீண்ட காலம் சிகிச்சை அளிக்கப்பட்ட பிறகே பல குழந்தைகளுக்கு உண்மையான நோய் தெரியவருகிறது. காசநோய் மிகுந்த நாட்டில் இந்தக் குழப்பம் வியப்புக்குரியதல்ல.

வேறுபடுத்திக் காட்டும் அடையாளங்கள் உண்டு. நன்றாகச் சாப்பிட்டும் குழந்தையின் எடை கூடாது. மலம் எண்ணெய்ப் பசையுடன் மிகுந்த நாற்றமடிக்கும். முத்தமிடும்போது தோல் உப்புக் கரிக்கும். பழைய மருத்துவ நூல்களிலும் இடம்பெற்ற இந்த உப்புச் சுவையே இன்றைய பரிசோதனைக்கும் அடிப்படை. கையிலிருந்து வியர்வையைச் சேகரித்து அளக்கும்போது, குளோரைடு அளவு லிட்டருக்கு 60 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் இருந்தால் நோய் இருப்பதற்கான வலுவான சான்றாகக் கொள்ளப்படுகிறது. இதற்கு ஊசி குத்தி ரத்தம் எடுக்க வேண்டியதில்லை.

மருந்து தோற்கும் இடம்

குழந்தைப் பருவத்தில் பெரும்பாலும் ஸ்டெபைலோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் வகை பாக்டீரியாக்களே தொற்றுகின்றன. வயது ஏற ஏற, நீரிலும் ஈர மண்ணிலும் இயல்பாக வாழும் சூடோமோனாஸ் ஏருஜினோசா நுரையீரலைப் பிடித்துக்கொள்கிறது. ஆரோக்கியமான மனிதரை அரிதாகவே தாக்கும் இக்கிருமிக்கு, கெட்டிச் சளி பாதுகாப்பான வாழிடமாக அமைகிறது. அங்கு அது பிசின் போன்ற உறையைச் சுரந்து, அதற்குள் கூட்டமாக வாழ்கிறது. அந்த உறைக்குள் மருந்து எளிதில் ஊடுருவாது. உள்ளே ஆக்சிஜன் குறைவு என்பதால் பாக்டீரியாக்கள் மிக மெதுவாகவே பெருகுகின்றன. வேகமாகப் பெருகும் கிருமிகளைத் தாக்குவதற்கு ஏற்ற பல மருந்துகள் இவற்றிடம் வலுவிழக்கின்றன. பரிசோதனைக் கூடத்தில் ஒரு மருந்துக்கு அடங்கும் என்று அறிக்கை வந்த கிருமி, நோயாளியின் உடலில் அடங்காமல் இருப்பது இதனால்தான்.

இதற்கு மேல் மரபணு மாற்றமும் சேர்கிறது. ஆண்டுக்கணக்கில் ஒரே நுரையீரலில் தங்கும் பாக்டீரியாக்கள், உள்ளே வரும் மருந்தை வெளியேற்றும் புரதப் 'பம்பு'களை அதிகரிக்கின்றன. மருந்து நுழையும் துளைகளைக் குறைத்துக்கொள்கின்றன. போதிய அளவின்றியும் பாதியில் நிறுத்தியும் எடுக்கப்படும் ஒவ்வொரு மருந்தும் இவற்றில் வலுவானவற்றை மட்டும் விட்டுவைக்கிறது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகளின் உடல் சில ஆன்டிபயாடிக்குகளை மற்றவர்களைவிட விரைவாக வெளியேற்றுவதால், அவர்களுக்குக் கூடுதல் அளவு தேவைப்படுகிறது. சாதாரண இருமலுக்கான அளவு இவர்களுக்குப் போதாமல் போகலாம்.

சூடோமோனாஸ் முதன்முறை தென்படும்போதே, நெபுலைசர் மூலம் டோப்ராமைசின் போன்ற மருந்தை உள்ளிழுக்கச் செய்தால் பலரிடம் அதை அகற்றிவிட முடிகிறது. நிலைபெற்ற பின் அது அரிது. எனவே, நோயாளி நலமாக இருக்கும்போதும் குறிப்பிட்ட இடைவெளியில் சளியைக் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.

இந்நோயாளிகள் ஒருவருக்கொருவர் கிருமியைப் பரப்பக்கூடும். பர்க்ஹோல்டேரியா செபாசியா எனும் ஆபத்தான கிருமி இவ்வாறு பரவியதால், மேலைநாடுகளில் இக்குழந்தைகளுக்காக நடத்தப்பட்ட கோடைக்கால முகாம்கள் கைவிடப்பட்டன. இந்நோயாளிகள் தங்களுக்குள் 2 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது இன்றைய நெறிமுறை. ஒரே நோயால் துன்புறும் இரு குழந்தைகள் அருகருகே அமர்ந்து விளையாடக்கூட முடியாது என்பது இந்நோயின் கொடுமைகளில் ஒன்று.

கத்தரிக்காயில் கிடைத்த வைரஸ்

எல்லா மருந்துகளும் கைவிட்ட நிலையில், பாக்டீரியாவை மட்டும் கொல்லும் ஃபேஜ் வைரஸ்கள் மீது கவனம் திரும்பியுள்ளது. லண்டனில் நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சைக்குப் பின் மைக்கோபாக்டீரியம் அப்செஸஸ் தொற்றால் உயிருக்குப் போராடிய 15 வயது சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிக்கு மூன்று ஃபேஜ்கள் செலுத்தப்பட்டன. அவற்றுள் ஒன்று தென்னாப்பிரிக்காவின் டர்பனில் அழுகிய கத்தரிக்காயிலிருந்து பெறப்பட்டது. சிறுமியின் உடல்நிலை குறிப்பிடத்தக்க அளவு தேறியதாக 2019ஆம் ஆண்டு நேச்சர் மெடிசின் இதழ் வெளியிட்டது. ஆனால் தொற்று முற்றிலும் அழியவில்லை. ஒவ்வொரு நோயாளியின் கிருமிக்கும் பொருந்தும் ஃபேஜைத் தனித்தனியே தேட வேண்டியிருப்பதால், இது இன்னும் பரவலான சிகிச்சையாகவில்லை.

சிஎஃப்டிஆர் புரதத்தையே சீராக்கும் மூன்று மருந்துக் கலவைக்கு அமெரிக்கா 2019 அக்டோபரில் ஒப்புதல் அளித்தது. அதன் விலை அங்கு ஆண்டுக்கு 3 லட்சம் டாலருக்கும் அதிகம். அம்மருந்து பெரிதும் குறிவைக்கும் எஃப்508டெல் மரபணு மாற்றம், ஐரோப்பியர்களைவிட இந்திய நோயாளிகளிடம் குறைவாகவே காணப்படுகிறது. மத்திய அரசின் 2021ஆம் ஆண்டு அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையில் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் இடம்பெற்றுள்ளது. அங்கீகரிக்கப்பட்ட சிறப்பு மையங்களில் சிகிச்சை பெறுவோருக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி பெற அது வழிசெய்கிறது.

கேரளாவின் கட்டுப்பாடு

ஆன்டிபயாடிக் எதிர்ப்புத்திறனைக் கட்டுப்படுத்த 2018ஆம் ஆண்டு தனிச் செயல்திட்டம் வெளியிட்ட கேரளா, 2024 ஜனவரியில் 'ஆபரேஷன் அம்ரித்' என்ற பெயரில் மருந்துக் கடைகளில் சோதனைகளைத் தொடங்கியது. மருத்துவர் சீட்டின்றி ஆன்டிபயாடிக் விற்கும் கடைகள் மீது நடவடிக்கை எடுக்கப்படுகிறது. இம்மருந்துகளை அடையாளம் காண நீல நிற உறைகளும் அறிமுகப்படுத்தப்பட்டன.

மருத்துவமனைக்குச் செல்ல நெடுந்தொலைவு பயணித்து ஒரு நாள் கூலியை இழக்க நேரிடும் தோட்டத் தொழிலாளிக்கு, அருகிலுள்ள மருந்துக் கடையே முதல் மருத்துவமனையாக இருந்து வந்துள்ளது. கட்டுப்பாடு இறுகும்போது, அந்தத் தொலைவைக் குறைக்கும் பொறுப்பும் அரசையே சேரும். குழந்தைக்கு இதுவரை தரப்பட்ட மருந்துச் சீட்டுகளையும் சளிப் பரிசோதனை அறிக்கைகளையும் ஒரே கோப்பில் வைத்திருந்து ஒவ்வொரு முறையும் எடுத்துச் சென்றால், எந்த மருந்து ஏற்கெனவே பலனளிக்கவில்லை என்பதை மருத்துவர் உடனே அறிய முடியும்.